கேளாமல் போட்ட புள்ளி

ஜெனிற்றாவைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவளுக்கு நடந்ததில் என் கையும் இருந்தது. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுதாகரன். யாழ்ப்பாணத்தில் தொடங்கிச் சில வருடங்களே ஆன ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், கலைப்பீட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்குப் போடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். பெயரைச் சொன்னால் எல்லாரும் அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கதைப்பார்களே தவிர, அவளைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள் என்பது மற்றக் காரணம்.

அங்கே ஒரு புதுவகைப் பட்டம் இருந்தது. மாணவரே தன் நாலு வருடப் பாடத்திட்டத்தை எழுதிக் கொடுக்கலாம். பீடம் ஏற்றுக்கொண்டால் அதுவே அவருடைய பட்டம். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டார்கள். முதல் வருடம் பதினாலு பேர் சேர்ந்தார்கள். பதின்மூன்று பேர் கணக்கியலையும் கணினியையும் முகாமைத்துவத்தையும் அங்குமிங்கும் கலந்து எழுதியிருந்தார்கள். ஒரு விண்ணப்பத்தில் மட்டும் பாடத்துறை என்ற கோட்டில் ‘ஜாஸ்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே பெயர்: ஜெனிற்றா கிறிஸ்துநாயகம், பண்டத்தரிப்பு.

நான் எழுத்துப்பிழை என்று நினைத்துப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன்.

அவள் பாடசாலை பாண்டில் ட்ரம்பெற் வாசித்தவள். கனடாவில் இருக்கிற சித்தப்பா அனுப்பிய ட்ரம்பெற் ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு விளையாட்டுப் போட்டியன்று, அணிநடை போய்க்கொண்டிருக்கையில், தாளில் எழுதியிருந்த மெட்டை விட்டு எங்கேயோ போய், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சரியான இடத்தில் வந்து சேர்ந்தாளாம். கால் மாறி, அணிவகுத்து வந்த பிள்ளைகளின் வரிசையே குழம்பிவிட்டது. பாண்ட் மாஸ்டர் அவளை இரண்டு கிழமை வெளியே நிறுத்தினார். அந்த இரண்டு கிழமையும் வீட்டுக் கிணற்றடியில் நின்று, போன இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்தாள். செத்தவீட்டு பாண்டுக்குப் பழகுகிறாளோ என்று பக்கத்து வெங்காயத் தோட்டத்துப் பஞ்சலிங்கம் கேட்டாராம்.

நேர்முகத்தில் பீடாதிபதி கலாநிதி நேசராஜா அவளிடம் கேட்டார், “ஜாஸ் எண்டா என்னெண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தும் பாப்பம்.”

“தாளில இருக்கிறதை வைச்சுக்கொண்டு தாளில இல்லாததை வாசிக்கிறது, சேர். ஆனா நினைச்சபடி வாசிக்கேலாது. பக்கத்தில நிக்கிறவை என்ன வாசிக்கினம் எண்டு கேட்டுக்கேட்டு வாசிக்க வேணும். கேக்காட்டி விழுந்துபோம்.”

நேசராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் கோபமே வராத மனிதர். மெல்லிய குரல், தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட். அவள் கையால் எழுதிக் கொண்டுவந்த பன்னிரண்டு பக்கப் பாடத்திட்டத்தை அவர் புரட்டிப் பார்த்தார். முதல் வருடம் செவிப்பயிற்சியும் கீபோர்ட்டும். இரண்டாம் வருடம் வரலாறு: அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட மனிதர்களின் பிள்ளைகளுடைய பிள்ளைகள் இந்த இசையை எப்படி உண்டாக்கினார்கள் என்பது. மூன்றாம் வருடம் தாளம். அதில் தவிலையும் சேர்த்திருந்தாள். நாலாம் வருடம் குழுவாக வாசித்தல், சொந்தமாக இயற்றுதல். ஒவ்வொரு அரையாண்டும் ஓர் அறிக்கையும் ஒலிப்பதிவும் கொடுப்பதாகவும், இரண்டு பரீட்சகர்கள் அதைக் கேட்டுப் புள்ளி போடவேண்டும் என்றும் அவளே எழுதியிருந்தாள்.

“உம்மைப்போல ஒரு பிள்ளைக்காகத்தான் இந்தப் பட்டத்தையே தொடங்கினனாங்கள்” என்றார் நேசராஜா. அங்கேயே கையெழுத்து வைத்தார். படம் எடுத்தார்கள். நான்தான் எடுத்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு பியானோக்காரரை மாதம் ஒருமுறை வரவழைப்பதாகச் சொன்னார்கள். அவர் நாலுமுறை வந்தார். ஐந்தாவது மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு ஆளும் வரவில்லை. ஜெனிற்றா பீடாதிபதியிடம் போய்க் கேட்டாள்.

“அவர் இல்லாட்டி என்ன, பாடத்திட்டம் உம்முடையதுதானே. நெகிழ்வு எண்டால் அதுதானே பிள்ளை” என்றார் அவர்.

நெகிழ்வு. அந்தச் சொல்லை அந்த நாலு வருடத்தில் நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். அறை கேட்டால் நெகிழ்வு. ஆசிரியர் கேட்டால் நெகிழ்வு. பியானோ தருவதாகச் சொன்னீர்களே என்றால், எங்கேயும் போய்ப் படிக்கலாம், நெகிழ்வு. ஒரு பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு அதற்கு இவ்வளவு மரியாதையான ஒரு பெயர் வைக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

அவள் ஆட்களைத் தானே தேடினாள். கொக்குவிலில் கலியாணவீட்டு பாண்டில் பேஸ் கிற்றார் வாசிக்கிற கோபிசங்கரைப் பிடித்தாள். அவன் மூலமாக நிருஷன் வந்தான். அவன் தவிலும் அடிப்பான், ட்ரம்ஸும் அடிப்பான். மூன்று பேரும் கோபிசங்கரின் வளவுக்குள் இருந்த தகரக் கொட்டிலில் கிழமைக்கு மூன்று நாள் பழகினார்கள். இசைத்தட்டுகளை ஃபோனில் கேட்டு, ஒவ்வொரு சுரமாகத் தாளில் இறக்கினாள். கீபோர்ட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதைத் தனியே முயன்றாள், சரிவரவில்லை.

ஒவ்வொரு அரையாண்டும் ஒரு மண்ணிறக் கடித உறையில் அறிக்கையையும் பென்ட்ரைவையும் வைத்து ஒட்டி, என்னிடம் கொண்டுவந்து தருவாள். நான் நேசராஜாவிடம் கொண்டுபோவேன். “வையும், பாப்பம்” என்பார். ஒரு மாதம் போகும். பதிவுக் கொப்பி வெறுமையாய் இருந்தால் கணக்காய்வில் கேட்பார்கள் என்று, ‘பரிசீலிக்கப்பட்டது’ என்ற முத்திரையை உறையின் மேல் குத்தி இழுப்பறைக்குள் வைப்பேன். புள்ளி எப்போது வரும் என்று அவள் கேட்டால், கடைசியில் சேர்த்துத் தருவார்கள் என்பேன். ஏழு தரம் அப்படிச் சொன்னேன். ஏழு தரமும் “ஓம் அண்ணை” என்றுவிட்டுப் போனாள்.

எட்டாவது அரையாண்டில், பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் புள்ளிப் பத்திரம் வேண்டும் என்று வந்தாள். நான் கணினியில் அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். ஏழு நிரல்களும் வெறுமை. அவளும் எட்டிப் பார்த்தாள்.

“என்ரை அறிக்கையள் எங்கை?” என்றாள்.

இழுப்பறையைத் திறந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவள் முதல் உறையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஒட்டினது ஒட்டினபடியே இருந்தன. உறையின் முதுகில் அவள் குறுக்காகப் போட்ட கையெழுத்துகூடக் கிழியவில்லை.

“இந்த முத்திரை ஆர் குத்தினது?”

“நான்தான்.”

“உள்ளுக்கிருக்கிறதைக் கேட்டனீங்களோ?”

“இல்லை.”

“வேறை ஆரும்?”

நான் வெறும் இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

அவள் கத்தவில்லை. அந்த ஏழு உறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்குச் சரிந்தது. திரும்ப அடுக்கினாள். பிறகு அவற்றை என் மேசையிலேயே விட்டுவிட்டு, பீடாதிபதியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு போனாள். கதவு மூடப்படாததால் எனக்கு எல்லாம் கேட்டது.

நேசராஜா அவளை இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருகிறது என்றும், அவர்களுடைய அங்கீகாரம் கிடைத்தால்தான் இந்தப் பட்டமே நிலைக்கும் என்றும் அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

“அண்டைக்கு வரவேற்பில நீர் ஒரு பத்து நிமிசம் வாசிச்சால் நல்லாயிருக்கும். புள்ளியைப் பற்றி யோசியாதையும். ஏழுக்கும் பி பிளஸ் போடச் சொல்லுறன். பாஸ். பட்டம் கையில.”

“எதுக்கு பி பிளஸ்?”

“குறைவெண்டா ஏ மைனஸ் போடுவம்.”

“நான் அதைக் கேக்கேல்லை சேர். எந்த வாசிப்புக்கு பி பிளஸ்? ரெண்டாவது அறிக்கையில நான் வாசிச்சது படு மோசம். அதுக்கும் பி பிளஸோ? ஆறாவதில நல்லா வாசிச்சிருக்கிறன். அதுக்கும் அதேயோ?”

“பிள்ளை, உமக்குத்தானே நல்லது.”

“ஒருத்தரும் கேக்காத புள்ளி எனக்கு வேண்டாம்” என்றாள். வெளியே வந்தபோது என்னைப் பார்க்கவேயில்லை.

வீட்டிலும் அவளுக்கு ஆதரவில்லை. தகப்பன் கிறிஸ்துநாயகம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வேலை. நல்ல மனிதர், களைத்த மனிதர். “தாறதை வாங்கிக்கொண்டு வா பிள்ளை. பி பிளஸ் ஏன் வந்தது எண்டு ஆர் கேக்கப் போயினம்?” என்றாராம். “ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டுதானப்பா அவையும் நாலு வருசமா நினைச்சவை” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாளாம். அதற்குப் பிறகு பத்து நாள் இருவரும் கதைக்கவில்லை. இதைப் பின்னர் அவளே எனக்குச் சொன்னாள்.

பீடாதிபதி என்னைக் கூப்பிட்டு, ஏழு நிரல்களையும் நிரப்பச் சொன்னார். பழைய திகதிகளோடு. திங்கட்கிழமை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, உறைகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை பின்னேரம், மனுசி சந்தைக்குப் போன நேரம், முதல் உறையைக் கிழித்தேன்.

எனக்கு இசை தெரியாது. முதல் ஒலிப்பதிவு ஆடு கத்துவதுபோல இருந்தது. மூன்றாவதில் எங்கேயோ ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் என்னை வெட்கப்படவைத்தது இசையில்லை, அறிக்கைகள். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ‘பரீட்சகருக்கு’ என்று தலைப்பிட்டுக் கேள்விகள் எழுதியிருந்தாள்.

முதலாவதில்: ‘இந்தப் பதிவில், இரண்டாவது நிமிடத்தில் என் மூச்சு முடிந்துபோகிறது. இதை எப்படித் திருத்தலாம் என்று தயவுசெய்து எழுதவும்.’ இரண்டாவதில்: ‘சென்ற அறிக்கையில் கேட்ட கேள்விக்கு மறுமொழி வரவில்லை. எங்கேயாவது தவறியிருக்கலாம். கேள்வியைத் திரும்ப எழுதுகிறேன்.’ நாலாவதில்: ‘மூச்சுப் பிரச்சினையை நானே ஓரளவு திருத்திவிட்டேன். சரியான வழிதானா என்று மட்டும் சொல்லவும்.’ ஏழாவதில் கேள்வி இல்லை. தலைப்பு மட்டும் இருந்தது. கீழே பக்கம் முழுவதும் வெள்ளை.

நான் திங்கட்கிழமை நிரல்களை நிரப்பவில்லை. பெரிய வீரம் என்று நினைக்கவேண்டாம். கணினி வேலை செய்யவில்லை என்று பொய் சொல்லி நாளைக் கடத்தினேன், அவ்வளவுதான்.

குழு வந்தது ஒரு புதன்கிழமை காலை. மூன்று பேர். தலைவி பேராசிரியர் தேவகுமாரி. மட்டக்களப்பில் பிறந்து வெளியூர்களில் படிப்பித்தவர் என்றார்கள். மண்டபத்தில் குத்துவிளக்கு, மாலை, வரவேற்புரை. ஜெனிற்றா வாசிக்கச் சம்மதித்துவிட்டாள் என்று நேசராஜா சந்தோசமாக இருந்தார். கோபிசங்கரும் நிருஷனும் முதலே வந்து வாத்தியங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அவள் வெள்ளைச் சேலையோடு மேடைக்கு வந்தாள். கையில் ட்ரம்பெற்றும் ஒரு கட்டுத் தாளும். மேடையை விட்டு இறங்கி, அந்தத் தாள்களைக் குழுவின் மூன்று பேர் முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“நான் வரவேற்புக்கு வாசிக்க வரேல்லை. பரீட்சைக்கு வந்திருக்கிறன். நாலு வருசமா என்ரை வாசிப்பை ஒருத்தரும் கேக்கேல்லை. உங்களுக்கு முன்னால இருக்கிறது நான் எழுதின பாடத்திட்டம், பீடாதிபதி கையெழுத்து வைச்சது. கடைசிப் பக்கத்தில புள்ளி போடுற இடமிருக்கு. கேட்டுப்போட்டுப் போடுங்கோ.”

பத்து நிமிடத்தில் அவள் நிறுத்தவில்லை. முதல் இரண்டும் மற்றவர்களுடையவை. மூன்றாவது அவள் இயற்றியது. நிருஷன் ட்ரம்ஸ் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தவிலை எடுத்தான். அவள் கோபத்தோடு வாசிக்கத் தொடங்கினாள். அது எவருக்கும் தெரிந்தது. ஊதிய ஊதலில் கழுத்து நரம்பு புடைத்தது. இடையில் ஒரு இடத்தில் தவில் தன் பாட்டுக்கு வேகமெடுத்துவிட்டது. அவள் உடனே ட்ரம்பெற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணை மூடி, நிருஷன் போகிற போக்கைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே புகுந்தாள், மிக மெதுவாக, அவனுடைய அடிகளுக்கு இடையில் கிடைத்த இடத்தில். நேசராஜா நிறுத்தச் சொல்லி இரண்டுமுறை கையைக் காட்டினார். இரண்டாம் முறை தேவகுமாரி அவர் பக்கம் திரும்பி, “அந்த மாணவி பரீட்சை எழுதுகிறார். இடையூறு செய்யாதீர்கள்” என்றார். நாற்பத்தைந்து நிமிடம்.

முடிந்ததும் கைதட்டல் எழும்பவில்லை. தட்டலாமா என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகுமாரி, இந்த மாணவியின் கோப்பைக் கொண்டுவரும்படி கேட்டார். நேசராஜா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து கிழித்த ஏழு உறைகளையும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பரிசீலிக்கப்பட்டது என்று இருக்கிறதே. யார் பரிசீலித்தது?”

“ஒருத்தரும் இல்லை, மிஸ். முத்திரை நான் குத்தினது. புள்ளியும் என்னைத்தான் போடச் சொன்னவை.”

அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அன்று பின்னேரமே என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். கடிதம் மூன்றாம் நாள் வந்தது. இப்போது மருதனார்மடத்தில் ஒரு ஹாட்வெயர் கடையில் பில் எழுதுகிறேன். நேசராஜாவுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு நிறுவனத்துக்கு இன்னும் பெரிய பதவியில் போனார். பிரியாவிடையில் ஆளுயர மாலை போட்டார்களாம். இதை எழுதும்போதும் எனக்குப் பேனா அழுந்துகிறது.

தாங்கள் புள்ளி போடமுடியாது, ஜெனிற்றாவுக்கு வெளியிலிருந்து பரீட்சகர்களை அழைக்கவேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்தது. அதைச் செய்யப் பல்கலைக்கழகத்துக்குப் பதினொரு மாதம் எடுத்தது. மாதத்துக்கு இரண்டு தரம் அவள் போய்க் கேட்டாள். எனக்குப் பிறகு வந்த கிளாக்கர் பிள்ளை அவளைக் கண்டாலே பின்பக்க அறைக்குள் போய்விடுமாம். கடைசியில் இரண்டு பேர் வந்து இரண்டு நாள் இருந்து ஏழு பதிவுகளையும் கேட்டார்கள், நேரிலும் வாசிக்கச் சொன்னார்கள். ட்ரம்பெற்றுக்கு ஏ. குழுவாசிப்புக்கு ஏ மைனஸ். வரலாற்றுக்கு பி. கீபோர்ட்டில் தவறிவிட்டாள். நாலு மாதம் கழித்துத் திரும்ப எடுத்து சி வாங்கினாள்.

பட்டமளிப்புக்கு அவள் போகவில்லை. சான்றிதழ் பதிவுத் தபாலில் வந்தது. தகப்பன்தான் கையெழுத்து வைத்து எடுத்தார். அதே மாதம் பல்கலைக்கழகம், மாணவர் ஆர்வமின்மையால் அந்தப் பட்டத்தை நிறுத்துவதாக ஒரு சுற்றறிக்கை விட்டது. மாணவர் ஆர்வமின்மை. அந்த இரண்டு சொல்லை எழுதியவனை நேரில் காணவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை.

இதை எழுதமுன் அனுமதி கேட்க, போன ஞாயிறு பண்டத்தரிப்புக்குப் போனேன். அவள் இப்போது இரண்டு பாடசாலைகளில் தற்காலிக பாண்ட் ஆசிரியை. நிரந்தர வேலைக்கான படிவத்தில் பாடம் என்ற இடத்தில் ஜாஸ் என்று எழுதி அனுப்பியதால், அப்படியொரு பாடம் இல்லை என்று இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டது. மேலைத்தேய சங்கீதம் என்று எழுதினால் எடுப்பார்களாம்.

“எழுதினால் என்ன?” என்றேன்.

“நான் படிச்சது அதில்லை, அண்ணை.”

எனக்கும் அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. கிறிஸ்துநாயகம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தாள். “நீங்கள் அண்டைக்கு உண்மை சொன்னது எனக்கு உதவினது. அதுக்கு நன்றி. ஆனா ஏழு தரம் என்ரை முகத்தைப் பார்த்துக் கடைசியில தருவினம் எண்டு சொன்னனீங்கள். அதை என்னால விடேலாமக் கிடக்கு.”

“ஓம்” என்றேன்.

“கதையை எழுதுங்கோ. ஆனா நான் அழுதனான் எண்டு எழுதாதேங்கோ. ஆக்கள் அப்பிடித்தான் எழுதுவினம். நான் அழேல்லை.”

“இன்னும் கோவமோ?”

“ஓம். ஏன் இல்லாமப் போக வேணும்?”

படலைக்கு வெளியே கோபிசங்கரின் வான் வந்து நின்று ஹோர்ண் அடித்தது. உள்ளே நிருஷனும், மடியில் கீபோர்ட்டோடு தர்சினி என்ற புதுப் பிள்ளையும் இருந்தார்கள். அச்சுவேலியில் ஒரு மண்டபத்தில் அன்றைக்கு அவர்களுடைய வாசிப்பு. என்னை வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. ட்ரம்பெற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினாள். நான் அவள் தகப்பனோடு இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பஸ் எடுக்கச் சந்திக்கு நடந்தேன்.